மைனஸ் எட்டை ஏன் வெட்டினாய்?

ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரண தரப் பிள்ளைகளோடு இருந்து கணக்குச் செய்கிறோம். காசு வாங்குவதில்லை, அதனால் பயமில்லாமல் சொல்லலாம்: "இதுகளுக்குக் கணிதம் ஓடாது" என்பது பச்சைப் பொய். படிப்பித்தால்தானே ஓடும்? இவர்களுக்குப் படிப்பித்தது கடந்தகால வினாத்தாளை.

ஒரு செவ்வகக் காணி. நீளம் அகலத்தைவிட 3 மீற்றர் கூட. பரப்பளவு 40 சதுர மீற்றர். இருபடிச் சமன்பாடு எழுதிக் காரணியாக்கினால் அகலத்துக்கு 5, −8 என்று இரண்டு விடை வரும். எல்லாரும் −8ஐ வெட்டினார்கள். சரி. அடுத்ததாக, "ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் மூன்று மடங்கைக் கூட்டினால் 40. எண் என்ன?" என்று கேட்டோம். அதே சமன்பாடுதான். இதிலும் −8ஐ வெட்டினார்கள். ஏன் எண்டு கேட்டால், "மைனஸ் வந்தா வெட்டச் சொல்லி சேர் சொன்னவர்."

64இலிருந்து 24 போனால் 40. போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று இவர்களுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.

புள்ளிவிபரவியலில் நிலைமை இன்னும் மோசம். "அது ஷுவர் கேள்வி, முதல் அதைச் செய்" என்பதுதான் ரியூற்றரிகளின் மந்திரம். நடுப்பெறுமானம், மீடிறன், பெருக்கு, கூட்டு, வகு, இடை வந்துவிடும். நாங்கள் ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தோம். ஒரு வேலைத்தளத்தில் ஒன்பது பேருக்கு மாதம் 30,000 ரூபாய், முகாமையாளருக்கு 330,000. இடை 60,000 என்று கண்டுபிடித்து, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டார்கள். "சரி, அங்க 60,000 எடுக்கிற ஆள் ஆர்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு தங்கச்சி, "அப்பிடி பேப்பரில கேக்கமாட்டினம் அண்ணா" என்றாள்.

பேப்பரில் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் நாளைக்கு ஒரு முதலாளி "எங்கட இடத்தில சராசரிச் சம்பளம் அறுபதாயிரம்" என்று சொல்லி இவளை வேலைக்குக் கூப்பிடுவான். இடையம் 30,000 என்று கேட்டு வாங்க அவளுக்குத் தெரியவேண்டாமா? வீட்டுக்கு நுண்கடன்காரர் வந்து, ஒரு லட்சத்துக்கு வருடம் 24 வீதம், மாதாமாதம் கட்டலாம் என்கிறார். பாதி கட்டிமுடித்த பிறகும் முழு லட்சத்துக்கும்தான் வட்டி ஓடுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை அம்மாமார் இந்தக் கணக்கில் அகப்பட்டார்கள் என்று நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எங்கள் வயதுக்காரர் சிலரோடும் சண்டை இருக்கிறது. "அல்ஜீப்ரா வாழ்க்கையில எங்க உதவினது?" என்று மீம் போடுகிறவர்கள் அநேகமாக ஏ எடுத்தவர்கள். 35 புள்ளி எடுத்து ஒரு எஸ் வாங்க முடியாமல் உயர்தரத்துக்கு வெளியே நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பகிடி விளங்காது.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல வரவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தையும் முடித்து, வலயத்துக்குச் சித்தி வீதமும் காட்டவேண்டும் என்றால் யாரும் குறுக்குவழிதான் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் மைக் பிடித்து, மண்டபம் நிறைத்து, "எதிர்பார்க்கை வினா" என்று நோட்டீஸ் அடித்து மாதக் கட்டணம் எடுக்கிறவர்களுக்கு எங்களிடம் அந்த இரக்கம் இல்லை. விளங்காத பிள்ளை அடுத்த மாதமும் வரும் என்பது அவர்களுக்கு நல்லாத் தெரியும்.

போன கிழமை அந்தத் தங்கச்சி தானாகவே −8ஐப் போட்டுப் பார்த்தாள். "அண்ணா, இது சரி வருதே. அப்ப சேர் ஏன் வெட்டச் சொன்னவர்?" அதை சேரிட்டயே கேள் என்று அனுப்பியிருக்கிறோம்.