அரும்பிலேயே நிறுத்தப்படும் பிள்ளைகள்

பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பட்டினவர் ஊர்கள் சீட்டுப் போட்டு முடிவு செய்கின்றன. அதற்குப் 'பாடு' என்று பெயர். பாடு உள்ள வீட்டில் பிறந்தவன் நான். அந்தச் சீட்டில் இருளர் பெயர் ஏன் இல்லை என்ற கேள்வி, ஆய்வு மாணவன் ஆன பிறகுதான் எனக்கே எழுந்தது. அவர்களில் பலர் இன்றும் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள்.

கள ஆய்வுக்காக ஏரிக்கரைப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்து, அவரவர்க்கு ஏற்றபடி கற்பிப்பது. கொரோனாக் காலத்தில் பள்ளியை இழந்த பிள்ளைகளுக்குத் தேவையான திட்டம்தான். எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுப்பதைவிட நிச்சயம் மேல்.

ஆனால் அந்த வகுப்பில் அரும்பு வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் இருளர் பிள்ளைகள். ஏன் என்று கேட்டேன். "அவங்க புள்ளைங்களுக்கு இவ்ளோதான் தம்பி வரும்" என்றார் ஆசிரியர். குரலில் வெறுப்பு இல்லை, இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் ஆபத்தானது.

அந்த வட்டத்துச் சிறுமி ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்று கூறு இறால் விற்ற காசில் வியாபாரியின் முன்பணம் போக வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று விரல் மடக்காமல் சொன்னாள். அதே கணக்கைப் பலகையில் எழுதியதும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கா கணக்கு வராது? அவள் கணக்கு பள்ளிக்குத் தெரியவில்லை என்பதல்லவா உண்மை?

அப்படியானால் இறாலையே பாடமாக்கிவிடலாமே என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம் தோழர்களே. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 'அவரவர்க்கு ஏற்றபடி' என்ற சொல்லுக்குள் சாதி சுலபமாக ஒளிந்துகொள்ளும் என்பதற்கு அந்த வரலாறே சாட்சி. பாடம் இறாலில் தொடங்கலாம். இறாலோடு முடியக் கூடாது.

அரும்பு என்பது பிள்ளை கடந்து போகவேண்டிய படி. ஆண்டுக்கணக்கில் ஒரே சமூகத்துப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருந்தால் அதன் பெயர் சேரி. எனவே ஒவ்வொரு பருவத்திலும் அரும்பிலிருந்து யார் மேலே போனார்கள், யார் போகவில்லை, அவர்கள் எந்தச் சமூகம் என்ற கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டும். அந்தக் குழுவில் இருளர் தாய்மார் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே ஆசிரியர் தலையில் கட்டிவிட்டுத் தனிக்கவனம் பற்றிப் பேசுவது மோசடி. ஆசிரியர்களை நியமிக்க வேண்டும்.

கடைசியாக என் ஊராருக்கு ஒன்று. ஏரியில் அவர்களுக்குப் பாடு இல்லை என்றோம். பாடமும் இவ்வளவுதான் என்று சொல்ல நாம் யார்?