ஊசிக்கும் ஒரு நாழிகை

சென்ற ஆண்டு, வகுப்பு முடிந்த ஒரு மாலைப் பொழுதில் மாணவி ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். பழைய சேலைகளிலும் சட்டைகளிலும் நல்ல பகுதிகளை வெட்டியெடுத்து, துண்டோடு துண்டு இணைத்து விரிப்புகள் தைப்பதில் அவள் கைதேர்ந்தவள். "காலையில் ஒன்றரை மணி நேரம் பேருந்து, மாலையிலும் அப்படியே. வீட்டுக்குப் போனால் அடுப்படி வேலை. அதற்குப் பிறகு பாடம். தையலை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் சார், சரிதானே?" என்றாள். "தேர்வு முடியட்டும் அம்மா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அவளும் தலையசைத்துச் சென்றாள். அன்று நான் அளித்த விடை தவறானது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைவேலை என்பது எல்லா வேலைகளும் முடிந்தபின் எஞ்சும் ஓய்வுக்கு உரியது என்ற எண்ணமே என்னை அவ்வாறு பேசவைத்தது. துணி விரிப்புக் கலையின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. செல்வர் மாளிகைகளுக்கென்று தைக்கப்பட்ட விரிப்புகள் உலகில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் இன்று நாம் வியந்து போற்றும் விரிப்புகளுள் பல, ஓய்வே அறியாத கைகளிலிருந்து பிறந்தவை.

வங்கத்துக் 'காந்தா'வை எடுத்துக்கொள்வோம். நம் நாவில் வழங்கும் 'கந்தை' என்ற சொல்லுக்கும் அச்சொல்லுக்கும் மூலம் ஒன்றே. உடுத்து நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக விரித்து, நேரே ஓடும் எளிய தையலால் அவற்றை ஒன்றாக்குவதே அக்கலை. வண்ண நூலுக்குக் கடை தேடிப் போகாமல், பழஞ்சேலைக் கரையிலிருந்து இழையை உருவிக்கொண்டனர். நடுவில் தாமரை, மூலைகளில் மரக்கொடி, இடையிடையே படகும் மீனும் யானையும் பல்லக்கும் என ஊசி முனையில் ஓர் ஊரே எழுந்தது. குளிருக்குப் போர்வை, பிள்ளைக்கு விரிப்பு, நூல்களைச் சுற்றிவைக்கும் உறை, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் துணி, தொழுகை விரிப்பு என அதன் பயன்கள் பல. இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒருங்கே வளர்த்த கலை இது. சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே கிடைத்த சிறுசிறு பொழுதுகளில், மழைக்காலப் பகல்களில், ஒரு விரிப்பு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வளர்ந்தது. தாய் தொடங்கியதை மகள் முடித்ததும் உண்டு.

வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ஆம் ஆண்டு வெளியிட்ட கதைக் காவியம் இக்கலையின் பெயராலேயே 'நக்சி காந்தார் மாட்' என வழங்குகிறது. ஊரைவிட்டு ஓட நேர்ந்த கணவனுக்காகக் காத்திருக்கும் ஓர் இளம்பெண், தன் வாழ்வின் நிகழ்ச்சிகளையெல்லாம் ஒரு விரிப்பில் தைத்து வைக்கிறாள்; தான் இறந்தபின் அதைத் தன் அடக்கத்தலத்தின்மீது விரிக்குமாறு வேண்டுகிறாள். நம் கடற்கரை ஊர்களில் வாழ்வோருக்கு இக்கதை அயலானதன்று. 'சபர்' என்ற சொல்லுக்கு நம்மிடையே இருபுறமும் பொருள் உண்டு: கடல் கடந்து சென்றவரின் பயணம் ஒருபுறம், வாசலைப் பார்த்துக் காத்திருந்தவரின் நாட்கள் மறுபுறம்.

காத்திருந்தோர் மட்டுமா தைத்தனர்? பயணம் போனோரும் தைத்தனர். 1841-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தண்டனை பெற்ற ஏறத்தாழ 180 பெண்களை ஏற்றிக்கொண்டு 'ராஜா' என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அக்காலத்தில் வான் டீமன் நிலம் என வழங்கிய இன்றைய டாஸ்மேனியாவின் ஹோபர்ட் துறைமுகத்தை ஜூலை மாதம் அது அடைந்தது. சிறைச் சீர்திருத்தம் நாடிய எலிசபெத் ஃபிரை அம்மையாரின் குழுவினர், அப்பெண்களுக்கு ஊசியும் நூலும் துண்டுத் துணிகளும் கொடுத்தனுப்பியிருந்தனர். அலைகளின் ஆட்டத்திடையே அவர்கள் தைத்த விரிப்பில் 2,815 துண்டுகள் உள்ளன. இன்று அது கான்பெர்ராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் செல்வங்களுள் ஒன்று. பயணம் கலைக்குத் தடை என்போர் இவ்விரிப்பைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மவர் நன்கறிந்த சிங்கப்பூரிலும் ஒரு சான்று உண்டு. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நகரம் ஜப்பானியர் வசமானபின், சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் மூன்று விரிப்புகளைத் தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவன்மாருக்குத் தாம் உயிரோடிருப்பதை அறிவிக்க அப்பெண்களுக்கு வேறு வழியில்லை. காயமுற்ற வீரர்களுக்கென்று தைக்கப்பட்ட அவ்விரிப்புகளின் சதுரங்களில் தம் பெயர்களைப் பொறித்தனர். கடிதம் செல்ல முடியாத இடத்திற்குத் துணி சென்றது.

இச்சான்றுகளிலிருந்து நாம் கற்கும் செயல்முறைப் பாடம் ஒன்றுண்டு. விரிப்புக் கலை இடையூறுகளுக்கு அஞ்சாத கலை. ஓவியத்தின் வண்ணம் காய்ந்துவிடும், களிமண் இறுகிவிடும். நான்கு விரற்கடைத் துணித்துண்டோ, விட்ட இடத்தில் நமக்காகக் காத்திருக்கும். அளவெடுத்து வெட்டுவதும், அடுக்குகளை விரித்துச் சுருக்கமின்றி இணைப்பதும் வீட்டுக் கூடத்தில் செய்யவேண்டிய வேலை. அதற்கு விடுமுறை நாள் ஒன்று போதும். துண்டோடு துண்டைச் சேர்க்கும் தையலோ எங்கும் நடக்கும். பத்துத் துண்டுகள், ஒரு நூற்கண்டு, ஓர் ஊசி ஆகியவற்றை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் சென்றால் பேருந்து நிலையமும் தொடர்வண்டிக் கூடமும் தையற்கூடமாகும். சுருங்கச் சொன்னால், துண்டு பயணத்திற்கு உரியது. விரிப்பு வீட்டிற்கு உரியது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "பெண்களை வீட்டுக்குள் இருத்தி வைத்த கருவிதானே ஊசி? இப்போதுதான் நம் பெண்மக்கள் பட்டப்படிப்புக்கு வந்திருக்கிறார்கள். மீண்டும் அவர்கள் கையில் ஊசியைக் கொடுப்பதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. படிப்பை நிறுத்தித் தையலைத் திணித்த காலம் நம்மிடையே இருந்தது. அக்காலம் திரும்ப வேண்டியதில்லை. விருப்பமில்லாதவர் கையில் ஊசியைத் திணிப்பது கொடுமை. ஆனால் விரும்பித் தைப்பவர் கையிலிருந்து அதைப் பறிப்பதும் கொடுமையே. என் மாணவி தையலை வெறுத்து விடவில்லை, களைத்துப்போய் விட்டாள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அன்று உணரவில்லை.

அவள் களைத்தது எதனால் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் வரும் அதே பேருந்தில் அவளுடைய அண்ணனும் வருகிறான். வீடு சேர்ந்ததும் அவன் காற்று வாங்கத் தெருவுக்குப் போகிறான். அவள் அடுப்படிக்குப் போகிறாள். "படிப்பையும் வீட்டையும் கலையையும் சமன்செய்து கொள்" என்று அவளுக்கு மட்டும் அறிவுரை கூறுவது எளிது. தராசின் ஒரு தட்டில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு முள் நேரே நிற்கவில்லை என்று குறைகூறலாமா? மாலையில் ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிடம், அண்ணன் பாத்திரம் கழுவினால் தங்கையின் ஊசிக்கு வழி பிறக்கும். நேரமில்லை என்பது பல வீடுகளில் கடிகாரத்தின் குறையன்று, பங்கீட்டின் குறை. இதை எழுதும் நான், என் உம்மா இரவு பதினொரு மணிக்குமேல் விளக்கடியில் அமர்ந்து தைத்த போர்வையில் உறங்கி வளர்ந்தவன். அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு ஊசி பிடிக்க முடிந்தது என்பதைப் பிள்ளைப் பருவத்தில் ஒருநாளும் நான் சிந்தித்ததில்லை.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். 'ராஜா' கப்பல் விரிப்பில் நன்றியுரை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. துணியும் ஊசியும் தந்த சீமாட்டிகளின் குழுவுக்கு அது நன்றி கூறுகிறது. தைத்த பெண்கள் எவருடைய பெயரும் அதில் இல்லை. வங்கத்தில் மானதாசுந்தரி என்னும் பெண்ணோ, தன் தந்தைக்கென்று தைத்த காந்தாவில் தன் பெயரையும் பொறித்து வைத்தாள். கொல்கத்தாவை அடுத்த குருசதய் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்ற அத்துணியால் அப்பெயர் இன்றும் வாழ்கிறது. நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் தைத்த விரிப்புகளும் தலையணை உறைகளும் பெட்டிகளில் மடித்துக் கிடக்கின்றன. தைத்தவர் யார், எந்த ஆண்டு, யாருக்காகத் தைத்தார் என்று ஒரு மூலையில் நான்கு சொல் இல்லாததால், இரண்டு தலைமுறைக்குள் அவை வெறும் பழந்துணியாகிவிடுகின்றன. எழுதியவர் பெயரில்லாத கவிதையைக் கண்டால் ஏங்கும் தமிழ்த்துறையினராகிய நாம், தைத்தவர் பெயரில்லாத துணிக்கு ஏன் ஏங்குவதில்லை?

எனவே மூன்று வேண்டுகோள்கள். மாணவியரே, தைப்பது உங்கள் விருப்பமாயின் அதைத் தேர்வுக்குப் பின் என்று தள்ளி வைக்காதீர்கள். ஒரு சிறு டப்பா அளவுக்கேனும் அதை உடன் வைத்திருங்கள். முடித்ததும் உங்கள் பெயரையும் ஆண்டையும் மூலையில் தையுங்கள். மாணவர்களே, ஊசி பிடிப்பது இழுக்கன்று. நம் ஊர்த் தையற்கடைகளில் ஊசி பிடித்துக் குடும்பம் காக்கும் ஆண்கள் எத்தனை பேர்! பிடிக்க மனமில்லையேல், பிடிப்பவருக்கு ஒரு நாழிகை தந்து உதவுங்கள். பெரியோர்களே, விருந்தினர் வரும்போது மகள் தைத்த விரிப்பை எடுத்துக்காட்டிப் பெருமை கொள்கிறீர்கள். அப்பெருமைக்கு விலையாக அவளுக்கு நேரத்தைக் கொடுங்கள்.

அம்மாணவி இவ்வாண்டு பட்டம் பெற்றுச் சென்றுவிட்டாள். மீண்டும் ஊசியை எடுத்தாளா என்பதை நான் அறியேன். அவளுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். காலந்தாழ்த்திச் சொல்கிறேன்; இம்மலரேனும் அவள் கைக்குப் போய்ச் சேரட்டும்.