மூன்று பணிக்கு ஒரு ஹெட்போன்

பாட்டுக் கேட்பதற்கு ஒன்று, வீட்டிற் பாடிப் பதிவு செய்வதற்கு ஒன்று, பிரயாணத்துக்கு ஒன்று என மூன்று ஹெட்போன்கள் வாங்க இயலாது. மூன்றுக்கும் உதவுவது எது என்று மாணவர் பலர் கேட்கின்றனர். அவர்தம் பெற்றோர் கேட்பதோ வேறு. "இதனாற் பிள்ளையின் காது கெடாதா?" என்பதே அவர்கள் கவலை. இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் பெரும்பாலும் விடை ஒன்றுதான் என்பதை இவ்வாரம் எடுத்துக்காட்ட விரும்புகின்றேன்.

ஹெட்போன்களில் திறந்தவை, மூடியவை என இருவகை உண்டு. திறந்த வகையில், காதை மூடும் கிண்ணத்தின் புறத்தே துளைகள் இருக்கும். 1968 இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்.டி. 414 இவ்வகைக்கு வழிகாட்டியது. அமைதியான அறையில் இருந்து கேட்போருக்கு இது பேரின்பம் தரும். பாட்டு தலைக்குள் அடைபடாமல், எதிரே அமர்ந்து பாடுவதுபோல் விரிந்து ஒலிக்கும். ஆயினும் பின்னணி இசையைக் கேட்டுக்கொண்டே பாடும்போது, அவ்விசை துளைகள் வழியே கசிந்து ஒலிவாங்கியிற் புகுந்துவிடும். பஸ்ஸில் ஏறினாலோ, இயந்திரத்தின் இரைச்சல் முழுவதும் அதே துளைகள் வழியே உள்ளே வந்துவிடும்.

ஆகவே மூன்று பணிக்கும் ஒன்றே வேண்டுமெனில், காது முழுவதையும் சூழ்ந்து மூடும் வகையே தகுந்தது. உள்ளொலி வெளியே அதிகம் கசியாததால் பதிவு தூய்மையாகும். வெளியிரைச்சல் குறைவதால் பிரயாணத்தில் நிம்மதி உண்டாகும். பஞ்சணை இடைவெளியின்றிப் பொருந்துவதால் மிருதங்கத்தின் தொப்பியில் எழும் தாழ்ந்த நாதமும் குறைவின்றிக் கேட்கும்.

பெற்றோரின் கேள்விக்கும் விடை இவ்வடைப்பிலேயே இருக்கின்றது. பிரயாணத்தில் நாம் ஒலியைக் கூட்டுவது பெரும்பாலும் இசைக்காக அன்று, இரைச்சலை வெல்வதற்காகவே. 80 டெசிபல் அளவிலான ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 3 டெசிபல் கூடுந்தோறும் ஒலியின் சக்தி இருமடங்காவதால் கேட்கத்தகும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலை வெளியே நிறுத்துகின்ற ஹெட்போனில் மெல்லிய ஒலியே போதுமானதாகும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது வயர். புளூடூத் மூலம் வரும் ஒலி பெரும்பாலும் சிறிது தாமதித்தே காதை அடைகின்றது. பாட்டை வெறுமனே கேட்பவருக்கு இத்தாமதம் தெரியாது. பாடிப் பதிவு செய்பவருக்கோ பெருந்தொல்லை. தாமதம் ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு என்று கொள்வோம். அந்நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 68 மீற்றர் செல்லும். மிருதங்க வித்துவான் அத்துணைத் தொலைவில் இருந்து வாசிக்க, நாம் தாளம் தவறாமற் பாட முடியுமா? ஆதலால் வயர் உள்ளதையோ, வேண்டும்போது வயரைப் பொருத்தக்கூடியதையோ வாங்குங்கள்.

வயரை நாடுவோர் மின்தடையையும் பார்த்தல் வேண்டும். இது 'ஓம்' என்னும் அளவினாற் குறிக்கப்படும். 32 முதல் 80 ஓம் வரையுள்ளவை பொதுவாகக் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் நன்கு ஒலிக்கும். 250 ஓம் உள்ளவற்றுக்குத் தனியே ஒலிபெருக்கி தேவைப்படலாம். இந்நாளில் வயர் செருகும் துளை இல்லாத கைத்தொலைபேசிகள் பல. அவற்றுக்குரிய சிறிய இணைப்பியையும் உடன் வாங்குதல் நன்று.

இரைச்சலை மின்னணு முறையில் நீக்கும் ஹெட்போன்களும் உள்ளன. 1978 இல் விமானப் பிரயாணத்தின்போது அமர் போஸ் என்னும் பேராசிரியரின் சிந்தையில் உதித்த இத்திட்டம், 1989 இல் விமானிகளுக்கான கருவியாக விற்பனைக்கு வந்தது. இது வெளியொலியை நுண்ணிய ஒலிவாங்கியால் அறிந்து, அதற்கு நேரெதிரான அலையை எழுப்பி அடக்குகின்றது. புகையிரதம், விமானம் ஆகியவற்றின் இடையறாத முழக்கத்தை இது நன்கு தணிக்கும். பக்கத்து ஆசனத்துப் பேச்சை அவ்வளவாகத் தணிக்காது. அடிக்கடி நெடுந்தூரம் செல்வோர், வசதியிருப்பின் இதனை வாங்கலாம். ஏனையோருக்கு நல்ல அடைப்பே போதும்.

உதாரணத்துக்கு இரண்டைச் சொல்கின்றேன். சோனி நிறுவனம் 1991 இல் வெளியிட்ட எம்.டி.ஆர். 7506, ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் உழைத்துப் பெயர் பெற்றது. 63 ஓம் உடையது. ஓடியோ டெக்னிக்கா நிறுவனத்தின் எம். 50 எக்ஸ் 38 ஓம் உடையது; அதன் வயரைக் கழற்றி மாற்றலாம். இரண்டும் மூடியவை, மடித்துப் பையில் வைக்கத்தக்கவை.

எதனை விரும்பினும், கடையிற் பத்து நிமிடமாவது அணிந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்ணாடியுடனேயே அணிதல் வேண்டும். அதன் காம்பு பஞ்சணையைத் தூக்கினால் தாழ்ந்த நாதம் குறைந்துவிடும். நன்கு பழகிய பாட்டொன்றை மெல்லிய ஒலியிலே கேளுங்கள். அந்நிலையிற் குரலும் சுருதியும் தெளிவாக இருப்பின், அக்கருவி உங்களுக்கு உகந்தது. உரக்க வைத்தால் மட்டுமே இனிப்பதை விட்டுவிடுங்கள்.

வீதியிலும் புகையிரதப் பாதையைக் கடக்கும்போதும் அதனைக் கழற்றிவிடுதல் அவசியம். கழற்றிய பின் காதில் ரீங்காரம் கேட்டால், ஒலி மிகுந்துவிட்டது என்பதற்கு அதுவே எச்சரிக்கை. அன்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் ரீங்காரம் ஓயாவிடின் வைத்தியரை நாடுங்கள்.