ஐந்தும் ஐந்தும் சமமா?

பாங்க் பாஸ்புக்கில் 'எஸ். முருகன்', ரேஷன் கார்டில் 'முருகன் எஸ்.' என்றிருந்தால் கவுண்டரில் என்ன சொல்வார்கள்? "ரெண்டும் ஒரே ஆள்னு அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க சார்!" வாசலில் மரத்தடியில் நோட்டரி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்துவார். வந்தது முருகன்தானா? யாரும் பார்க்கவில்லை.

லினக்ஸ் கெர்னலிலும் கொஞ்ச காலம் இந்தக் கூத்து நடந்தது.

கெர்னலின் சின்னச் சின்னப் பகுதிகளைத் தனியாக டெஸ்ட் செய்ய 'கேயூனிட்' என்ற ஏற்பாடு 2020-ல் வந்தது. அதிலுள்ள ஒரு மேக்ரோவின் வேலை, 'வந்த விடையும் எதிர்பார்த்த விடையும் சமமா?' என்று பார்ப்பது. இதுவும் 5, அதுவும் 5. ஆனாலும் கம்பைலர் முறைக்கும். காரணம், ஒரு 5 எட்டு பிட் டைப், இன்னொன்று சாதாரண 'இன்ட்'.

முறைப்பதையாவது ஒழுங்காக முறைக்குமா? மேக்ரோ உள்ளுக்குள் இரண்டு டைப்புக்கும் ஒரு கற்பனை பாயின்ட்டர் செய்து ஒப்பிடும். அதனால் 'வெவ்வேறு பாயின்ட்டர்களை ஒப்பிடுகிறாய்' என்று எச்சரிக்கை வரும். நீங்கள் பாயின்ட்டரே எழுதியிருக்க மாட்டீர்கள்!

புரோகிராமர் என்ன செய்வார்? விடையை எட்டு பிட்டுக்கு 'காஸ்ட்' செய்துவிடுவார். கம்பைலர் கப்சிப். இதுதான் நோட்டரி முத்திரை.

வினையே இங்கேதான். ஃபங்ஷனில் தப்பு இருந்து 261 வந்தால்? எட்டு பிட்டில் 255 வரைதான் இடம். காஸ்ட் செய்ததும் 261, 5 ஆகிவிடும். டெஸ்ட் பாஸ்! காஸ்ட் இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டிருக்கும். இது விளையாட்டு அல்ல. 1996-ல் ஏரியான் 5 ராக்கெட், 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப் போய், கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது.

2021-ல் கேயூனிட்காரர்கள் அந்த டைப் பரிசோதனையை எடுத்துவிட்டார்கள். டைப் அச்சு அசலாக ஒன்றாயிருக்க வேண்டாம், ஒத்துப்போனால் போதும். சரியான முடிவு என்பேன். டெஸ்டின் வேலை விடையைப் பார்ப்பது, ஜாதகம் பார்ப்பதல்ல.

ஒரே ஒரு ஜாக்கிரதை. மைனஸ் குறியே அறியாத 32 பிட் எண்ணோடு ஒப்பிட்டால், மைனஸ் ஒன்றும் 4294967295-ம் சமம் என்று சி மொழி கூசாமல் சொல்லும். இப்படிப்பட்ட கலப்பு வந்தால் கத்தச் சொல்லி கம்பைலரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். நான் கேட்டுக்கொள்கிறேன்.

மைனஸ் ஒன்று எப்படி 429 கோடி ஆகும் என்கிறீர்களா? என் பாங்க் கணக்கில் அப்படி ஆகிறதா என்று மாதக் கடைசிகளில் பார்த்துவருகிறேன். இதுவரை ஆகவில்லை.