புகையும் வண்ணமும்

ஊதுவத்திப் புகையைக் கருந்திரைக்கு முன் எழவிட்டு, பிளாஷ் விளக்கின்மேல் வண்ணத்தாள் பொருத்திப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிப் படமெடுத்தலைப் பொய்த்தொழில் என்பாருளர். யாம் அவ்வாறு கொள்ளோம். 1901இல் பாரிசில் உடலியலறிஞர் மாரே என்பார் மக்னீசிய ஒளியிற் புகையிழைகளைப் படம்பிடித்து, கண்ணுக்குப் புலனாகாக் காற்றின் போக்கைக் காட்டினார். நம் மாணவர் எடுக்கும் படமும் அதனையே காட்டும். முதலில் நேரிழை, பின்னர்ச் சுழல். அவ்வடிவம் மெய்.

நிறமோ நாம் இட்டது. நுண்துகள்கள் நீலவொளியை மிகுதியாய்ச் சிதறுதலால், எழும் புகைக்கு இயல்பாகவே இளநீலம் உண்டு; வண்ணத்தாள் அதனை மறைக்கும். காண்போர் இட்ட நிறத்தை இயற்கையென மயங்கலாகாது. ஆதலின் நண்பர்காள், படத்தின்கீழ் “வண்ணத்தாள் இட்டு எடுத்தது” என ஒரு வரி எழுதுமின். குற்றம் வண்ணத்தில் இல்லை, சொல்லாமையில் உளது.