குடுக்குதா, குடிக்குதா?

புது பைக் வாங்கியவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி விலை பற்றியது அல்ல. கலர் பற்றியும் அல்ல. "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்பதுதான். கறவை மாடு வாங்கியவரை விசாரிப்பது போல. அவரும் மாட்டுத் தரகர் மாதிரியே கூட ஒரு அஞ்சு சேர்த்துச் சொல்வார். "அறுபது சார். ஹைவேஸ்ல விட்டா அறுபத்தஞ்சு!"

வண்டி எங்கே கொடுக்கிறது? குடிக்கத்தான் செய்கிறது. இதே கேள்வியை ஒரு ஜெர்மன்காரர் கேட்டால் "எவ்வளவு விழுங்குது?" என்பார். 100 கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர் என்பது அங்கே கணக்கு. நாம் ஒரு லிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தை அளக்கிறோம். அவர்கள் தூரத்தை முடிவு செய்துவிட்டு பெட்ரோலை அளக்கிறார்கள். குடுக்குது, குடிக்குது: நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்து மாதாமாதம் உங்கள் பர்ஸில் விளையாடுகிறது. எப்படி என்று சொல்வதற்கு முன் ஊர் உலகத்தை ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு காலனுக்கு எத்தனை மைல் என்பது கணக்கு. பிரிட்டனிலும் அதேதான். ஆனால் அந்தக் காலன் வேறு, இந்தக் காலன் வேறு. அமெரிக்கா பிடித்துக்கொண்டது ராணி ஆன் காலத்து ஒயின் காலனை, 3.785 லிட்டர். பிரிட்டன் 1824-ல் சட்டம் போட்டு, பத்து பவுண்டு தண்ணீர் பிடிக்கிற புதுக் காலனைக் கொண்டுவந்தது, 4.546 லிட்டர். விளைவு, அமெரிக்காவில் காலனுக்கு 30 மைல் ஓடும் கார், கப்பலேறி லண்டனில் இறங்கினால் 36 மைல் ஓடும். இன்ஜினில் யாரும் கை வைக்கவேண்டாம். இதில் தமாஷ், இன்று பிரிட்டனில் பெட்ரோலை லிட்டரில்தான் விற்கிறார்கள். போடுவது லிட்டர், பேசுவது காலன். கொலம்பியாவில் நேர் எதிர்: போடுவது காலன், ஓடுவது கிலோமீட்டர். ஸ்வீடன்காரர்களுக்கு 'மில்' என்று ஒன்று உண்டு; பத்து கிலோமீட்டர். மில்லுக்கு 0.6 லிட்டர் என்று பேசிக்கொள்கிறார்கள். ஜப்பான் நம்ம கட்சி, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர். நாமோ 1956-ல் மெட்ரிக் சட்டம் கொண்டுவந்து மைலை ஒழித்துவிட்டு, இன்னும் 'மைலேஜ்' என்கிறோம்!

இப்போது பர்ஸ்.

ஆபீஸ் நண்பர் ஒருவர். ஸ்கூட்டர் 45 கொடுக்கிறது. அதைத் தள்ளிவிட்டு 60 கொடுக்கும் பைக் வாங்கத் துடிக்கிறார். எக்ஸ்சேஞ்ச் போக மேலே 30,000 கையிலிருந்து போடவேண்டும். "பதினஞ்சு கிலோமீட்டர் ஜாஸ்தி சார்! ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துடும்." வீட்டில் ஒரு பழைய காரும் உண்டு, லிட்டருக்கு 10. அதை சர்வீஸ் செய்து, டயருக்குக் காற்று ஒழுங்காக வைத்தால் 12 கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். "போய்யா, ரெண்டு கிலோமீட்டருக்காகவா?" என்று இவருக்கு அலட்சியம்.

இரண்டு வண்டியும் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கணக்குக்கு சுலபமாக. ஸ்கூட்டர் 45-ல் குடிப்பது 22.2 லிட்டர். பைக் 60-ல் குடிப்பது 16.7. மிச்சம் ஐந்தரை லிட்டர், சுமார் 555 ரூபாய். போட்ட முப்பதாயிரம் திரும்பி வர நாலரை வருஷம். அதற்குள் அவருக்கு அடுத்த மாடல் மேல் ஆசை வந்திருக்கும். கார்? 10-ல் 100 லிட்டர், 12-ல் 83.3. மாதம் 16.7 லிட்டர், 1,670 ரூபாய் மிச்சம். பதினைந்தைவிட இரண்டு பெரிசு!

மந்திரமில்லை. கிலோமீட்டர் வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கீழே இருக்கும் எண் பெரிசாகப் பெரிசாக, அதைக் கூட்டுவதால் வரும் லாபம் தேய்ந்துகொண்டே போகும். 60-லிருந்து 75-க்குப் போனால், அதே பதினைந்துதான், மிச்சம் 333 ரூபாய். ஜெர்மன் கணக்கில் எழுதினால் இந்த ஏமாற்று கிடையாது. ஸ்கூட்டர் 2.2-லிருந்து 1.7. கார் 10-லிருந்து 8.3. குழந்தை கூடச் சொல்லும் எது அதிகம் என்று.

2008-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் லாரிக், சோல் என்று இரண்டு பேர் இதைத்தான் ஆராய்ந்து 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். அங்கேயும் ஜனங்கள் நம் நண்பர் மாதிரியே ஏமாறுகிறார்கள். அப்புறம் 2013 மாடல் கார்களிலிருந்து ஷோரூம் லேபிளில் 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் சேர்த்து அச்சடிக்கிறார்கள். சின்ன எழுத்தில்தான். பெரிய எழுத்தில் இன்னும் பழைய மைல்.

சராசரி போடுவதிலும் இதே வம்பு. ஊருக்குப் போகும்போது 20, திரும்பும்போது ஏ.ஸி., மாமியார், மூட்டை எல்லாம் சேர்ந்து 10. சராசரி 15 என்பீர்கள். இல்லை, 13.3. நூறு நூறு கிலோமீட்டருக்கு ஐந்தும் பத்துமாகப் பதினைந்து லிட்டர் காலி, ஓடியது இருநூறு. வகுத்துப் பாருங்கள்.

ஒரு சின்ன வேடிக்கை. லிட்டர் என்பது கன அளவு, கிலோமீட்டர் நீளம். கன அளவை நீளத்தால் வகுத்தால் மிஞ்சுவது பரப்பளவு. ஆகவே லிட்டருக்கு 20 ஓடும் காரின் பெட்ரோல் செலவு 0.05 சதுர மில்லிமீட்டர்! அர்த்தம் இருக்கிறது. சாலை நெடுக கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பெட்ரோல் நூலை நீட்டிப் போட்டு, கார் அதை உறிஞ்சிக்கொண்டே போவதாகக் கற்பனை செய்யுங்கள். அந்த நூலின் குறுக்குவெட்டுதான் இது.

கம்பெனி சொல்லும் எண் பொய்யில்லை. உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, குறித்த நேரம், குறித்த வேகத்தில் ஓட்டி எடுத்தது. உருளை மேல் வேகத்தடை, ஆட்டோ, குறுக்கே வரும் எருமை கிடையாது. உங்கள் வண்டியின் உண்மை உங்கள் தெருவில்தான் தெரியும். மெக்கானிக்கிடம் கேட்டால் பாட்டிலில் நூறு மில்லி ஊற்றி, ட்யூப் மாட்டி, நிற்கும்வரை ஓட்டிக் காட்டுவார். நூறு மில்லியை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள், இந்த விஷயத்திலும்.

டேங்கை நிரப்புங்கள். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுங்கள். மறுபடி, முடிந்தால் அதே பங்கில், நிரப்புங்கள். இரண்டாம் தடவை பிடித்த லிட்டரை நூறால் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் முடிந்தது. 410 கிலோமீட்டருக்கு 8.2 லிட்டர் பிடித்தால், விடை 2.

மறுநாள் ஆபீஸில் யாராவது "எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டால், "ரெண்டு" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள்.