இனம் காக்கும் ஏடு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சில கல் இடைவெளியில் அமைந்த அண்டை ஊர்கள் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் ஆகும். திருவில்லிபுத்தூர் ஆண்டாள் திருக்கோயிலாலும் பால்கோவாவாலும் புகழ்பெற்றது. இராசபாளையமோ, தன் பெயரைத் தாங்கிய வெண்ணிற நாயினத்தால் நாடெங்கும் அறியப்பெற்றது. ஓர் ஊரின் பெயரை ஓர் உயிரினம் தாங்கி நிற்குமாயின், அதனைக் கெடாது காத்தல் அவ்வூரார்க்கும் அண்டையார்க்கும் உரிய கடமையன்றோ?

பால்போல் வெளுத்த உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு ஆகியன இராசபாளையம் நாயின் இலக்கணங்கள். முற்காலத்தில் இது காட்டுப்பன்றி வேட்டைக்குத் துணை நின்றது. 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் வேட்டைத்தொழில் படிப்படியாக ஒழிந்தது. வீட்டையும் தோட்டத்தையும் காக்கும் பணியே இதற்கு எஞ்சியது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை இதன் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளக் கழகம் முதன்முதலாக நாட்டு நாயினங்களைப் பதிவு செய்தபோது, சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றோடு இராசபாளையமும் இடம்பெற்றது.

புகழ் வந்தது, ஆயினும் புகழ் மட்டும் ஓரினத்தைக் காவாது. இவ்வினத்தை உள்ளிருந்து அரிக்கும் குறை ஒன்று உண்டு. அது செவிட்டுத்தன்மை. உடலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்து, கேட்டலுக்குத் துணைசெய்கின்றன. வெண்மை மேலிட்ட நாய்கள் சிலவற்றில் அவ்வணுக்கள் உட்செவியில் அமைவதில்லை. அதனால் பிறந்த சில வாரங்களிலேயே செவிப்புலன் அழிந்துவிடுகிறது. காவல் நாய்க்குக் காது கேளாவிடின் அது காப்பது எங்ஙனம்?

இருசெவியும் கேளாத குட்டியைக் கைதட்டியேனும் கண்டறியலாம். ஒருசெவி மட்டும் கேளாத குட்டியோ, குறையற்றது போலவே ஓடியாடித் திரியும். வளர்ந்தபின் தன் குறையை வழித்தோன்றல்களுக்கும் அளிக்கும். மின்கருவி கொண்டு ஒவ்வொரு செவியையும் தனித்தனியே ஆராயும் சோதனையே அதனை வெளிப்படுத்தும். மேலும், நெருங்கிய உறவுடைய நாய்களையே மீண்டும் மீண்டும் இணைசேர்ப்பின், மறைந்து கிடக்கும் குறைகள் பெருகும். எந்த நாய் எதன் வழிவந்தது என்பது எழுதப்படாதவிடத்து, இவ்வுறவை அறிய வழியில்லை.

ஆதலின் வளர்ப்போர் ஒன்றுகூடிப் பொது ஏடு ஒன்று பேணுதல் இன்றியமையாதது. தாய், தந்தை, பிறந்த நாள், உடனீன்ற குட்டிகளின் தொகை, செவிச்சோதனையின் முடிவு ஆகிய அனைத்தும் அதில் ஏறவேண்டும். தம் நாயின் குறையை வெளியிட்டால் விலை குறையுமே என்று சிலர் அஞ்சக்கூடும். அவ்வச்சம் இயல்பானதே, ஆயினும் அறிவுடைய வழியன்று. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன்பின் அப்பெயர் ஒரு கடைக்கு உரியதன்று, ஊருக்கே உரியது. ஒருவர் தரங்குன்றக் கிண்டினாலும் பழி அனைவரையும் சாரும். நாயின் பெயருக்கும் நிலை இதுவே. ஒருவர் மறைக்கும் குறை, எல்லாருடைய குட்டிகளின் மதிப்பையும் கெடுக்கும்.

பிரிட்டனில் தால்மேசியன் என்னும் புள்ளி நாய்க்கும் இக்குறை உண்டு. அங்கே வளர்ப்போர் பல்லாண்டுகளாகக் குட்டிகளின் செவிகளைச் சோதித்து, குறையுடையவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்கினர். செவிடும் குறைந்து வந்தது. கூட்டுமுயற்சியின் பயன் இதனால் விளங்கும்.

ஓரினத்தார் மட்டும் கூடினால் போதாது. சிப்பிப்பாறை நாய், வேம்பூர்ச் செம்மறி, கன்னி வெள்ளாடு ஆகியனவும் இத்தென்பகுதியின் செல்வங்களே. ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனியே சங்கம் வைத்தால், மருத்துவரை அழைக்கவும் கருவி வாங்கவும் பொருள் போதாது. யாவரும் இணைந்தால் ஒரே முகாமும் ஒரே கண்காட்சியும் ஒரே பதிவகமும் எல்லாருக்கும் பயன்படும். இந்தியாவினின்று சென்ற ஓங்கோல் மாடு, பிரேசில் நாட்டில் நெல்லூரின் பெயரால் வழங்குகிறது. அதற்கும் குசராத்தின் கீர் மாட்டுக்கும் அந்நாட்டில் ஒரே சங்கம் மரபேடு பேணி வருகிறது. தாயகத்தில் உள்ளோர்க்கு அஃது இயலாததா?

இப்பணியில் இளைஞர்க்கே பெரும்பங்கு உண்டு. 2017ஆம் ஆண்டில் ஏறுதழுவலின் பொருட்டுச் சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர் பெருந்திரளாகக் கூடினர். நாட்டினங்களின்பால் அவர்களுக்குள்ள பற்று அன்று வெளிப்பட்டது. பற்றினை நாளும் செய்யும் பணியாக மாற்றுதலே இன்று வேண்டப்படுவது. முதியோர் நெஞ்சில் உள்ள மரபறிவை மாணாக்கர் கேட்டு எழுதலாம். குட்டிகளை வாரந்தோறும் நிறுத்து எடை குறிக்கலாம். கைப்பேசியில் படமெடுத்து ஏட்டுடன் சேர்க்கலாம். சங்கங்களும் அவர்களை நாற்காலி தூக்குவதற்கு மட்டும் அழையாமல், ஏட்டைப் பேணும் பொறுப்பினையே அளித்தல் வேண்டும்.

பெருமைக்காகக் குட்டியை வாங்கி, வளர்ந்தபின் தெருவில் விடுவோர் இனத்தைக் காப்பவராகார். ஓர் உயிரைப் பேணி, அதன் வரலாற்றைப் பொய்யின்றி எழுதுவோரே இனத்தைக் காப்பவர். அவ்வெழுத்து பிழையற நடக்குமாயின், இராசபாளையத்தின் வெண்ணிறக் காவலன் வருங்காலத்தும் செவிகூர்ந்து வாயிலில் நிற்கும்.